ஃபமகுஸ்தாவில் நால்வர்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். போரில் பணியாற்றிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். மற்றபடி என் விருப்பம். நான் தேர்ந்தெடுத்த பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபால். 1971 போரில் 21 வயதில் இறந்தவர். பரம்வீர் சக்ரா பெற்றவர். அவரைப் பற்றித் திரைப்படம்கூட எடுத்துவிட்டார்கள். தெரிந்தவரைப் பற்றி எதற்கு இன்னொரு முறை என்று கேட்கலாம். அதற்கு ஒரு மாணவன்தான் காரணம்.

நான் வரலாறு நடத்திய கல்லூரியில் பல ஆண்டுகள் என்.சி.சி. பொறுப்பையும் பார்த்தேன். டிசம்பர் 16, விஜய் திவஸ் வந்தால் மாணவர்கள் ஒரு குறுநாடகம் போடுவார்கள். வகுப்பறை மேசை இரண்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதில் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் டாங்கி தயார். உள்ளேயிருந்து ஒருவன் தலையை நீட்டி வயர்லெஸ்ஸில் கர்ஜிப்பான். அரங்கமே கைதட்டும். அந்த வேடத்துக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அடிதடி. ஒரு வருடம் ஒத்திகையின்போது பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அந்த டாங்கிக்குள்ள அவரு ஒருத்தரு மட்டும்தான் இருந்தாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வரலாறு படித்தவன், பல வருடமாக அந்த நாடகத்தை மேற்பார்த்தவன், எனக்கே தெரியவில்லை. இன்றைய பேச்சை அந்தப் பையனுக்குத் தாமதமாகக் கொடுக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அருண் பிறந்தது 1950 அக்டோபர் 14, புனேயில். தந்தை இராணுவப் பொறியாளர் படையில் அதிகாரி, பிரிகேடியர்வரை உயர்ந்தவர். பாட்டனாரும் முதல் உலகப் போரில் இருந்தவர். சனாவர் லாரன்ஸ் பள்ளி, பிறகு கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமி, டேராடூன் இராணுவ அகாடமி என்று வழக்கமான பாதைதான். 1971 ஜூன் 13 அன்று 17ஆம் பூனா குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பெயரில்தான் குதிரை; அப்போதே அது டாங்கிப் படை. சேர்ந்த தேதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தது டிசம்பர் 16. மொத்தப் பணிக்காலம் ஆறு மாதம் மூன்று நாள். இங்கே முதலாண்டு மாணவர்கள் இன்னும் இரண்டாம் பருவத் தேர்வுகூட எழுதியிருக்க மாட்டீர்கள், அவ்வளவு காலம்தான்.

போர் மூண்டபோது அவர் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தார். பயிற்சி பாதியில் நின்றது. படைக்குத் திரும்பச் சொல்லி ஆணை. வழியில் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, விருந்துக்கு அணியும் நீலச் சீருடையையும் கோல்ஃப் மட்டைகளையும் கட்டி எடுத்துக்கொண்டார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். லாகூரில் கோல்ஃப் ஆடலாம், வெற்றி விருந்துக்கு உடுப்பு வேண்டுமே என்பது கணக்கு. இதைத் துணிச்சல் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அது கல்லூரிச் சுற்றுலாவுக்கு மூட்டை கட்டும் பையனின் மனநிலையாகத்தான் படுகிறது. அதில் குறைவேதும் இல்லை. 21 வயது அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் புறநானூற்றுத் தாயை அழைத்து வருவது தமிழ்ப் பேச்சாளர் வழக்கம். ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்பிய ஒக்கூர் மாசாத்தியாரின் அந்தத் தாயை. நான் அழைக்கப் போவதில்லை. அருணின் தாயும் மகனை உறுதியாகத்தான் வழியனுப்பினார். ஆனால் போர்நிறுத்தம் அறிவித்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மகன் வந்துவிடுவான் என்று அவன் அறையைத் துப்புரவு செய்தார்கள். அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்து வைத்தார்கள். அப்புறம் தந்தி வந்தது. சங்கப் பாட்டின் தாய்க்கு மோட்டார் சைக்கிள் இல்லை. இந்தத் தாயை இவருடைய வீட்டிலேயே வைத்து நினைப்போம்.

இனிப் போர்க்களம். ஜம்முவுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் நிலம் ஒரு மூக்குபோல் இந்தியப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஷகர்கட் பகுதி என்பார்கள். அந்தப் பகுதியில் ஓடி ராவியில் சேர்கிற ஆறு பசந்தர். ஆற்றின் இரு பக்கமும் பாகிஸ்தான் படை கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. மேஜர் ஜெனரல் பின்டோ தலைமையிலான 54ஆம் காலாட்படை டிவிஷனுக்கு ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்ற வேண்டிய வேலை. காலாட்படை முதலில் போகும். பொறியாளர் படை கண்ணிவெடிகளை எடுத்து வழி செய்யும். அந்த வழியில் டாங்கிகள் போய்க் காலாட்படைக்குக் காவலாக நிற்கும். இந்த வரிசையில் ஒன்று பிந்தினாலும், முன்னால் போனவர்கள் பாகிஸ்தான் டாங்கிகளுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

டிசம்பர் 15 இரவு 47ஆம் பிரிகேடின் காலாட்படை அக்கரைக்குப் போனது. ஜர்பால் கிராமத்தைப் பிடித்தது 3ஆம் கிரெனடியர்ஸ். பக்கத்தில் சராஜ் சக்கைப் பிடித்தது யார் என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? மதராஸ் ரெஜிமெண்டின் 16ஆம் பட்டாலியன். நம் நீலகிரி வெலிங்டனைத் தாயகமாகக் கொண்ட ரெஜிமெண்ட். தென்னாட்டுப் பிள்ளைகளின் ரெஜிமெண்ட். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அவர்களின் போர் முழக்கம். பசந்தர் ஆறு என்பது அந்த ரெஜிமெண்டின் போர்ப் பெருமைகளில் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அருண் கேத்ரபாலின் கதையைத் தமிழில் சொல்கிறவர்கள் இந்த ஒன்றையாவது சொல்லலாம் அல்லவா? அவருடைய டாங்கிகள் காக்கப் போன காலாட்படையில் நம்மவர்களும் இருந்தார்கள்.

பொறியாளர்களைப் பற்றியும் ஒரு சொல். கண்ணிவெடி எடுப்பது சத்தமில்லாத வேலை. குனிந்தபடி, கையால் தடவி, குண்டு மழைக்கு நடுவே செய்கிற வேலை. இதே ஷகர்கட் முனையில் பசந்தர் சண்டைக்குச் சில நாள் முன்பு, டாங்கிகளுக்கு வழி செய்துகொண்டிருந்த 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி இறந்தார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் படம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

15 இரவு பசந்தர் கரையில் வழி பாதிதான் ஆகியிருந்தது. அதற்குள் அக்கரையிலிருந்து தகவல்: எதிரி டாங்கிகள் நடமாடும் ஓசை கேட்கிறது. பூனா குதிரைப்படையின் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஹனுத் சிங். திருமணம் செய்துகொள்ளாதவர், தியானத்தில் ஈடுபாடு மிக்கவர், படையினர் அவரைப் பிற்காலத்தில் குருதேவ் என்றே அழைத்தார்கள். அவர் எடுத்த முடிவு, பாதி எடுத்தும் எடுக்காமலும் கிடந்த கண்ணிவெடி நிலத்துக்குள்ளேயே டாங்கிகளை விடுவது. டாங்கிகள் கடந்துவிட்டன. இராணுவப் பள்ளியில் இதைப் பாடமாக நடத்தலாம், ஆனால் யாரையும் திரும்பச் செய்யச் சொல்ல முடியாது.

16 காலை எட்டு மணி வாக்கில் பாகிஸ்தானின் 13ஆம் லான்சர்ஸ் படை, புகைத்திரை விரித்து, பாட்டன் டாங்கிகளோடு ஜர்பால் பக்கம் எதிர்த்தாக்குதலுக்கு வந்தது. நம் தரப்பில் பி ஸ்குவாட்ரன் தலைவர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார். அருண் இருந்தது ஏ ஸ்குவாட்ரனில். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. கேட்ட மாத்திரத்தில் தன் டாங்கிகளைத் திருப்பிக்கொண்டு போனார். பரம்வீர் சக்ரா விருதுரையே அப்படித்தான் சொல்கிறது. ஆற்றைக் கடக்கும்போது இன்னும் ஓயாத எதிரிக் காவல் நிலைகளிலிருந்து சுட்டார்கள். அவற்றின் மேல் டாங்கியை ஏற்றி, கைத்துப்பாக்கியைக் காட்டி அங்கிருந்தவர்களைச் சிறைபிடித்துவிட்டு மேலே போனார். அவர் குழுவில் ஒரு டாங்கியின் தளபதி அந்த இடத்திலேயே இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது டாங்கிக்கு டாங்கி நேருக்கு நேர். நம் பக்கம் அந்த இடத்தில் நின்றவை மூன்றே டாங்கிகள்: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினென்ட் அலாவத், அருண். பத்து எதிரி டாங்கிகள் அடிபட்டன என்றும் அவற்றில் நான்கு அருணுடைய கணக்கு என்றும் விருதுரை சொல்கிறது. சண்டையின் நடுவே அலாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்ஹோத்ராவின் டாங்கியில் பீரங்கி கோளாறாகிவிட்டது. மிச்சம் ஒன்று. அதுவும் தீப்பிடித்துவிட்டது. டாங்கியை விட்டு இறங்கச் சொல்லி அருணுக்கு ஆணை வந்தது. அவர் மறுத்தார். தன் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தப் பதிலில் ஒரு வசைச் சொல்லும் உண்டு. மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் இருப்பதில் ஆறுதல்தான். பேசியது சிலை அல்ல, பையன் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இராணுவத்தில் ஆணையை மறுப்பது குற்றம். மறுத்தவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். உணர்ச்சிவசப்பட்ட மறுப்பாக நான் இதைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு டாங்கிகளும் முடங்கிய பிறகு, அந்த முனையை அடைத்துக்கொண்டு நின்றது அவர் டாங்கி ஒன்றுதான். அது நகர்ந்தால் எதிரிக்குக் கதவு திறந்துவிடும். பின்னால் இருப்பது இரவெல்லாம் சண்டையிட்டுக் களைத்த காலாட்படை. ஆணையில்லாமல் போனார், ஆணையை மீறி நின்றார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவருடைய கடைசி இலக்கு நூறு மீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டிருந்தது. நூறு மீட்டர் என்பது இந்த அரங்க வாசலிலிருந்து கல்லூரி கேட் வரைதான்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

அருணுடைய டாங்கி பிரிட்டனில் செய்த செஞ்சூரியன் ரகம். அதற்கு ஃபமகுஸ்தா என்று பெயரிட்டிருந்தார்கள். சைப்ரஸ் தீவின் ஒரு துறைமுக நகரத்தின் பெயர். செஞ்சூரியனை ஓட்ட நான்கு பேர் வேண்டும். தளபதி மேலே நின்று இலக்கைப் பார்த்துச் சொல்வார். கீழே உட்கார்ந்து குறிபார்த்துச் சுடுபவர் இன்னொருவர். குண்டை எடுத்து பீரங்கியில் திணிப்பதும் வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்வதும் மூன்றாமவர் வேலை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவர் நான்காமவர். ஃபமகுஸ்தாவின் ஓட்டுநர் சவார் பிரயாக் சிங். சுட்டவர் சவார் நாத்து சிங். வயர்லெஸ் சவார் நந்த் சிங். சவார் என்றால் குதிரை வீரன். டாங்கிப் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு இன்றும் அதுதான் பெயர்.

'அருண் நான்கு டாங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார்' என்று எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தின் எழுவாயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். விசையை இயக்கியது நாத்து சிங்கின் கை. ஒவ்வொரு குண்டையும் தூக்கித் திணித்தவர் நந்த் சிங். சுடுவதற்கு வாகாக டாங்கியைத் திருப்பி நிறுத்தியவர் பிரயாக் சிங். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று அருண் சொன்னார் என்றால், தீப்பிடித்த இரும்புப் பெட்டிக்குள் இந்த மூவரும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று பொருள். இறங்க மாட்டேன் என்ற முடிவு ஒருவருடையது. அதில் வைக்கப்பட்ட உயிர் நான்கு. ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க அங்கே அவகாசம் இருந்திருக்காது. கடைசியாக விழுந்த குண்டில் அருணும் நந்த் சிங்கும் இறந்தார்கள். பிரயாக் சிங்கும் நாத்து சிங்கும் பிழைத்தார்கள்.

இதைச் சொல்வதால் அருணின் புகழ் குறையுமா? குறையாது என்பது என் துணிபு. ஆனால் நம் நினைவு குறைபட்டது என்பது தெரியவரும். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதி, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். நடுகல்லுக்குக் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஒரு முறை வகுத்திருக்கிறது. அந்த முறையில் கல் எடுத்த ஊர்க்காரர்கள் உடன் நின்ற நாயின் பெயரைக்கூட விடவில்லை. ஒரு கல்லில் எவ்வளவு இடம் இருந்துவிடப் போகிறது? நமக்குப் பாடநூல் இருக்கிறது, திரை இருக்கிறது. சவார் நந்த் சிங்கின் பெயர் எதில் இருக்கிறது?

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்த நினைவைப் பார்க்க வேண்டும். எதிரியின் பக்கம். மறுநாள், டிசம்பர் 17 அன்று, ஜர்பாலை மீட்கப் பாகிஸ்தான் காலாட்படை வந்தது. 35ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் என்ற படையை முன்னின்று நடத்தி வந்த லெப்டினென்ட் கர்னல் முகமது அக்ரம் ராஜா சண்டையில் இறந்தார். அன்று ஜர்பாலைக் காத்து நின்ற மேஜர் ஹோஷியார் சிங்குக்கும் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்தப் போரில் நான்கு பேர் அதைப் பெற்றார்கள், உயிரோடு பெற்றவர் அவர் ஒருவரே. ஹோஷியார் சிங்கின் தலைவரான 3ஆம் கிரெனடியர்ஸ் லெப்டினென்ட் கர்னல் வேத் பிரகாஷ் ஐரி, எதிரியான அக்ரம் ராஜாவின் வீரத்தைப் பாராட்டி ஒரு சான்றுரை எழுதினார். அவருடைய உடலைத் திருப்பிக் கொடுத்தபோது அதுவும் போனது. பாகிஸ்தான் அவருக்கு ஹிலால்-இ-ஜுரத் விருதை வழங்கியது. அங்கே இரண்டாவது பெரிய வீர விருது அது.

முப்பது ஆண்டு கழித்து அதே கடன் மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. 2001. அருணின் தந்தைக்கு 81 வயது. தான் பிறந்த சர்கோதாவைச் சாவதற்குள் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். புறப்படுவதற்கு முன் ஓரிரவில் நாசர் சொன்னார்: பசந்தரில் 13ஆம் லான்சர்ஸில் இருந்தவன் நான், உங்கள் மகனைச் சுட்ட கை என்னுடையது. அன்று எங்களைத் தடுத்து நிறுத்தியவர் உங்கள் மகன்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பதற்கு இதற்குப் பிறகு ஆளாளுக்கு வசனம் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை. அதே வீட்டில் அந்த மனிதரின் சோற்றை அந்தத் தகப்பன் தின்றிருக்கிறார். மகனைக் கொன்றவரும் ஒரு சிப்பாய், தன் வேலையைச் செய்தவர் என்பது அவருக்குப் புரிந்தது. அவரும் சிப்பாய்.

நாசருக்கு அதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதியவர் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பார். ஆனாலும் சொன்னார். அருண் கேத்ரபாலைப் பற்றி இதுவரை நிகழ்த்தப்பட்ட நினைவுரைகளில் மிகச் சிறந்தது அந்த லாகூர் வீட்டில், ஒரே ஒருவருக்கு முன்னால் நிகழ்ந்தது என்றே நான் கருதுகிறேன். நம்முடையதெல்லாம் கேள்விப்பட்டதைச் சொல்வது. அவருடையது எதிரே நின்று பார்த்ததைச் சொன்னது. எதிரியைக் கோழையாகக் காட்டி நாடகம் போடுகிறோமே, அப்போது நாம் நம் வீரனின் முதல் சாட்சியைத்தான் பொய்யனாக்குகிறோம்.

டிசம்பர் 16 காலை பத்து மணி அளவில் அருண் இறந்தார். அன்று மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு மேற்கிலும் சண்டை நின்றது. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் அணிவகுப்புத் திடலுக்கும் டேராடூன் அகாடமியின் அரங்கத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. 2023 ஜனவரியில் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயரையும் அந்தமான் நிக்கோபாரில் 21 தீவுகளுக்குச் சூட்டினார்கள்; அதிலும் அவர் உண்டு. ஃபமகுஸ்தாவைச் சீர்செய்து அகமத்நகரில், கவசப் படைப் பயிற்சிப் பள்ளியில் நிறுத்தியிருக்கிறார்கள். பயிற்சியை முடிக்காமல் அருண் கிளம்பிப் போன அதே இடம். ஊரின் பெயர்தான் இப்போது அகில்யாநகர்.

என்.சி.சி. மாணவர்களே, வரும் டிசம்பரில் நீங்களும் மேசையைக் கவிழ்த்து டாங்கி செய்வீர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டியாகப் பாருங்கள். உள்ளே நால்வருக்கு இடம் வேண்டும். பிரயாக் சிங், நாத்து சிங், நந்த் சிங் மூவருக்கும் ஆள் போட்டு, முடிவில் அவர்கள் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்து டாங்கிக்கும் நல்ல நடிகனாகப் பார்த்துப் போடுங்கள்.